சுண்ணாம்பு கேட்காத யட்சி

கோயம்புத்தூரில் பள்ளிக்கூடம் படித்த பெண்களிடம் மலம்புழா அணையைப் பற்றிக் கேட்டால் தொங்கு பாலத்தைச் சொல்வார்கள். மீன் வடிவத்தில் கட்டிய மீன் காட்சியகத்தைச் சொல்வார்கள். போகிற வழியில் பஸ்ஸில் யார் வாந்தி எடுத்தாள், யாருடைய புளிசாதத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது என்பதெல்லாம் நினைவிருக்கும். யட்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு வரும். அதோடு பேச்சு நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பில் எங்களையும் கூட்டிப் போனார்கள். பூங்காவுக்குள் ஓரிடம் வந்ததும் டீச்சர் எங்கள் வரிசையை நிறுத்தி, "எல்லாரும் டேமைப் பாத்துட்டே வேகமா நடங்க" என்றார். முப்பது அடி உயரச் சிலை. அதைப் பார்க்காமல் கடக்க வேண்டுமென்றால் கண்ணைக் கட்டித்தான் விட வேண்டும். நாங்கள் எல்லாருமே பார்த்தோம், தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால். பையன்களின் வரிசை எங்களுக்குப் பின்னால் வந்தது. அவர்களை யாரும் டேமைப் பார்க்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நிதானமாகப் போய்ப் பார்த்தது இந்த வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில். கூட வந்தவள் என் தோழி. நாஞ்சில் நாட்டுக்காரி. பம்ப் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் இருக்கிறாள், நான் அதே கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் பெண்கள் விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் விடுப்பு மிச்சம் இருந்தது. அவள்தான், "எங்கயாச்சும் போலாம், கோயில் மட்டும் வேண்டாம்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை டிபன் பாக்ஸைக் கழுவும் இடத்தில் கவனித்திருந்தேன். உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் ஏறி, வாளையாறு தாண்டி, பாலக்காட்டில் மாறி, மலம்புழாவில் இறங்கும்போது மணி இரண்டு.

அணை 1955-இல் திறக்கப்பட்டது. அப்போது மலபார் மெட்ராஸ் மாநிலத்தில் இருந்தது, திறந்து வைத்தவர் காமராஜர். அடுத்த வருஷமே எல்லைகள் மாறின. ஆனால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது அந்நிய மாநிலத்து அணை என்ற நினைப்பு இன்றைக்கும் வந்ததில்லை. டிக்கெட் கொடுப்பவர் முதல் மாங்காய் விற்பவர் வரை தமிழில்தான் நம்மை அழைக்கிறார்கள்.

முதலில் பாறைத் தோட்டத்துக்குப் போனோம். சண்டிகரில் குப்பையிலிருந்து ஒரு ராஜ்ஜியத்தையே கட்டிய நேக் சந்த், இங்கேயும் அதே முறையில் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார். உடைந்த ஓடு, பீங்கான், தகரம், உடைந்த வளையல். வளையல் துண்டுகளைச் சிமெண்டில் நெருக்கி நெருக்கிப் பதித்துப் பெண்களைச் செய்திருக்கிறார். கிட்டே போனால் பச்சை, சிவப்பு, பொன் வரி போட்ட கண்ணாடிச் சில்லுகள், விரல் வைத்தால் கீறும். தோழி ஒரு பொம்மையின் முன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இம்புட்டு வளையலும் யார் கையில இருந்ததோ" என்றாள். கடையில் உடைந்ததாக இருக்கும் என்றேன். "எல்லாம் கடையிலயா உடையுது?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

கணவன் செத்த அன்றைக்கு உடைத்தது, அடி வாங்கியபோது உடைந்தது, பிரசவ வலியில் கட்டில் கம்பியைப் பிடித்தபோது நொறுங்கியது எல்லாமே பெருக்கித் தள்ளப்பட்டுக் குப்பைக்குத்தான் போகின்றன. அந்தப் பொம்மைகளுக்குள் அதிலொரு துண்டாவது இருக்காது என்று சொல்ல முடியாது. அழகாகத்தான் இருந்தன. ஆனால் அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

யட்சியைப் பூங்காவுக்குள் எங்கிருந்தும் பார்க்கலாம். பின்னால் அணைச் சுவர், அதற்கும் பின்னால் மலைத்தொடர். அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கால்கள் இரண்டையும் விரித்து முன்னால் நீட்டி, மார்பு மேலெழ, முகத்தை வானத்துக்குத் தூக்கி. உடம்பில் ஒரு நூல் இல்லை, ஒரு நகை இல்லை. கைகள் இரண்டையும் தூக்கிப் பின்தலையில், கூந்தலுக்குள் விட்டிருக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது. சிமெண்ட் கான்கிரீட்தான். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், தொடையும் முழங்காலும் அந்த மலைகளின் முன்வரிசை மாதிரிதான் தெரிகின்றன.

1969-இல் இதைச் செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்து, லண்டன் ஸ்லேட் பள்ளிக்குப் போய்த் திரும்பியவர். அப்போது அவருக்கு முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. குடும்பத்தோடு வருகிற அரசாங்கப் பூங்காவில் அம்மணமாக ஒரு பெண்ணா என்று ஊரில் பெரிய எதிர்ப்பு. ஆனாலும் சிலை நின்றது. இல்லை, உட்கார்ந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அதே வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் புல்தரையில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். சிலையைப் பார்ப்பதைவிடச் சிலையைப் பார்ப்பவர்களைப் பார்ப்பதுதான் முதல் அரை மணி நேரத்துக்கு எங்களுக்கு வேலையாக இருந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் சிலை அருகே வந்ததும் போனை எடுத்து எதிர்த் திசையில் செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அப்பா, ஐந்து வயதுப் பெண் குழந்தையின் தலையை உள்ளங்கையால் திருப்பினார். குழந்தை அந்தக் கைக்குள்ளேயே தலையை மறுபடி திருப்பிக்கொண்டது. கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒருவன் தூரத்தில் நின்று கையை அந்தரத்தில் உயர்த்திக் குவித்தான், இன்னொருவன் படம் எடுத்தான். படத்தில் அந்தக் கை எங்கே போய்ப் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரும் எடுத்துக்கொண்டார்கள். முப்பது அடி இருந்தாலும் விட மாட்டார்கள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவல பாத்தியா" என்றாள் தோழி.

உண்மைதான். அந்தச் சிலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். அவள் யாரையும் பார்க்கவில்லை. கோயில் தூண்களில் நிற்கிற பெண்கள் இடையை ஒடித்துப் பார்க்கிறவனுக்குக் காட்டி நிற்பார்கள், கண்ணாடியோ கிளியோ கையில் இருந்தாலும் அவர்களுடைய நினைப்பு எதிரே நிற்பவன் மேல்தான். நம் ஊரில் பொது இடத்தில் வைக்கும் பெண் சிலைகளோ முழுக்க மூடி, நெஞ்சு நிமிர்த்தி, ஏதாவது ஒரு கடமையில் நிற்கும். மெரினாவில் 1968-இல் வைத்த கண்ணகி கையில் சிலம்போடு நிற்கிறாள். முலையைத் திருகி எறிந்து ஊரை எரித்தவள் அவள் என்பது அந்தச் சிலையைப் பார்த்தால் தெரியாது. அப்படி மூடி நின்றவளையே 2001-இல் ஒரு ராத்திரியில் அகற்றினார்கள், 2006-இல்தான் திரும்ப வைத்தார்கள். யட்சிக்குக் கடமை எதுவும் இல்லை. உட்கார்ந்து முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு நெருடலும் இருந்தது, அதையும் அவளிடம் சொன்னேன். செய்தவர் ஆண். விரித்த கால், நிமிர்ந்த மார்பு. விடுதலையான பெண் என்று நாம் படித்துக்கொள்வது ஒரு ஆணின் ஆசையைத்தானோ? அதே மெட்ராஸ் பள்ளியில் படித்து அந்தக் காலத்திலேயே சிற்பம் செய்த அனிலா ஜேக்கப்பின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஒரு பெண்ணிடம் இதே புல்தரையையும் சிமெண்டையும் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பாள்?

தோழி கொஞ்சம் யோசித்தாள். "யார் பெத்தா என்னட்டி, பிள்ள வளந்தப்புறம் அது தனி ஆளுதான்" என்றாள்.

இது பதில்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அவளுக்கு இல்லை. நாங்கள் அந்த விஷயத்தில் ஒத்துப்போகவில்லை, இன்றுவரைக்கும்.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும், முண்டும் நேரியதும். கூட வந்த குடும்பம் ஐஸ்கிரீமுக்குப் போக, இவர் எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். சிலையை நேராக, நன்றாகப் பார்த்தார். அவசரமும் இல்லை, கூச்சமும் இல்லை. பிறகு எங்களிடம் கேட்டார்: "இங்ஙனெ இருந்நால் நடு வேதனிக்கில்லே மோளே?" இப்படியே உட்கார்ந்திருந்தால் இடுப்பு வலிக்காதா என்று. ஒரு உடம்பைப் பார்த்து இன்னொரு உடம்பு கேட்கிற கேள்வி. அன்றைக்கு அங்கே வந்தவர்களில் அவளை ஒரு பெண்ணாகப் பார்த்தது அந்தப் பாட்டி ஒருவர்தான்.

தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

பாட்டி போன பிறகு, "எங்க ஊர்ல இவதான் இசக்கி" என்றாள்.

யட்சி தமிழில் இயக்கி, பேச்சில் இசக்கி. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே பூங்கண் இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்புகிற மாதரிதான் வழியில் கண்ணகியைப் பார்க்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். சிதறால் மலையில் சமணர்கள் செதுக்கிய அம்பிகையும் ஓர் இயக்கி. நாஞ்சில் நாட்டில் இசக்கி ஊர் எல்லையில் நிற்பாள், கையில் ஒரு குழந்தை, சில இடங்களில் காலடியில் இன்னொன்று. குழந்தை வேண்டுகிற பெண்கள் மண் பொம்மை செய்து வைப்பார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகிற வெளியில் அவளுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. கதை பலவிதமாகச் சொல்வார்கள். நகைக்காகக் காதலன் கொன்ற பெண், அவள் செத்ததற்குக் கள்ளிச்செடி மட்டுமே சாட்சி, மறுபிறவியில் நீலியாக வந்து அந்தக் கள்ளியையே பிள்ளையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டாள். கொல்லப்பட்டவள் தெய்வம். ஆனால் அந்தத் தெய்வம் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் வந்துவிட்டதாகச் சொன்னால் அது வியாதி, விரட்ட வேண்டியது.

தோழிக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். நாகர்கோவில் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மாட்டேன் என்றாள். அடித்தார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள், சோற்றையும் நிறுத்திவிட்டாள். உச்சி வெயிலில் குளக்கரையில் போய் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் காரணமில்லாமல் ரொம்ப நேரம் சிரித்தாளாம். "காரணம் இருந்துது. யார்ட்ட சொல்ல?" என்றாள். இருபது வருஷத்தில் கோயம்புத்தூர் பேச்சு அவளுக்கு நன்றாகப் படிந்துவிட்டது. இதைச் சொல்லச் சொல்ல ஊர்ப் பேச்சு திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் அவள் சொன்னாள், நான் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம். உடுக்கு, வேப்பிலை, முகம் நிறையத் திருநீறு. கோடாங்கி அவள் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டு கேட்டான், யார் நீ, பேரைச் சொல். அவள் தன் பெயரைச் சொன்னாள். அது இல்லை, உள்ளே இருக்கிறவள் பெயர். மறுபடியும் தன் பெயரையே சொன்னாள். வேப்பிலை அடி. இப்படி எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேர் சொன்னாத்தான் விடுவாங்கன்னு எனக்கு விளங்கிட்டு. எங்க தெருவுல ஒரு அக்கா கிணத்துல விழுந்து செத்திருந்தா. அவ பேரச் சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதியாயிட்டு. எங்கம்மைக்குக்கூட."

அந்த முடிக்கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்தார்கள். அந்த மரத்தில் அது மாதிரி நிறைய ஆணிகள் இருந்தனவாம், நிறைய முடி. பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது கணக்கு. வந்தாள். அடுத்த தை மாதம் கல்யாணம். ஆறு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு பையோடு கோயம்புத்தூர் வந்தாள். நடுவில் நடந்தவை எனக்கு முன்னமே தெரியும். புளியமரம்தான் புதிது.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் வரிசையாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி எண்ணெய் தேய்த்துவிடுவோம். தோழி மட்டும் யாரையும் தலையைத் தொட விட மாட்டாள். எப்போதும் இறுக்கிய கொண்டை, அதில் நாலு ஊசி. கம்பெனியில் மோட்டாரில் முடி சிக்கும் என்பதால் அப்படிப் போடுகிறாள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே கொண்டைதான்.

அவள் சிலையைக் கை காட்டினாள். "நான் வந்ததுல இருந்து அவ கையத்தான் பாத்திட்டிருக்கேன். எல்லாரும் எங்கங்கயோ பாக்கான். அவ என்ன செய்யுதா பாரு. தலைக்குள்ள கைய விட்டுத் தேடுதா. ஆணி எங்க இருக்குன்னு பாக்கா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அப்படி ஒரு கதை உண்மையிலேயே இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதிய ஐதீகமாலையில் வருகிற கடமற்றத்து கத்தனாரின் கதை. மலையாளக் கதைகளில் யட்சி ராத்திரியில் வழியில் நிற்பாள், தனியே வரும் ஆணிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கொடுத்தவன் காலையில் எலும்பாகக் கிடப்பான். அப்படி ஒரு யட்சியை மந்திரம் தெரிந்த கத்தனார் மடக்கினார். எப்படியென்றால், தலையில் ஓர் இரும்பு ஆணியை அடித்து இறக்கினார். ஆணி இறங்கிய நொடியில் அவள் சாதாரணப் பெண் ஆகிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னால் நடந்து வந்தாள். கத்தனார் அவளைத் தெரிந்த ஒரு வீட்டில் வேலைக்காரியாக விட்டார். கதையில் யாருக்கும் அதில் ஆச்சரியமே இல்லை. தலையில் ஆணி அடித்தால் பெண் நல்ல வேலைக்காரி ஆகிவிடுவாள் என்பது எழுதியவருக்கும் கேட்பவருக்கும் இயல்பாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்புறம்?" என்றாள் தோழி.

அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அட, இதென்ன, ஆணி என்று பிடுங்கிவிட்டாள். அவ்வளவுதான், யட்சி போய்விட்டாள்.

"எங்க போனா?"

பறந்து போனாள். கத்தனார் மறுபடி துரத்திப் போய், பனயன்னார்காவில் குடியிருத்தினார் என்று கதை முடிகிறது. இதுவரை சொன்னேன். அவள் அந்த முடிவைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"மந்திரவாதி அடிச்ச ஆணிய ஒரு கிழவி பிடுங்கிட்டா" என்றாள். "தெரிஞ்சு பிடுங்கல. தலைய வாரும்போது."

கொஞ்ச நேரம் கழித்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். கொண்டை அவிழ்ந்தது. இவ்வளவு முடி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தலையை என் பக்கம் குனிந்து, "பாருட்டி" என்றாள். சுற்றிலும் ஆட்கள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. நான் உச்சியில் விரல் வைத்து வகிடு பிரித்தேன். அறுத்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது. எல்லா இடத்திலும் முடி இருந்தது, உச்சியில் மட்டும் நரை கொஞ்சம் அதிகம்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் புள்ள. நரைதான் இருக்குது."

அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். அப்போதுதான் அந்த வாரத்துச் சமாச்சாரத்தைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். லீவுக்குப் போனவளிடம் ஒரு வரன் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியில் அழுகிறாள், வீட்டிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. விடுதியிலிருந்து அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இவளிடம் சொன்னது இதுதான்: "உன்ன மாதிரியே இருக்கா. அன்னைக்கு அங்க கூட்டிட்டுப் போனதாலதான் நீ பிழைச்ச." வெள்ளிக்கிழமைக்குள் வந்து கூட்டிப் போகப் போகிறார். அதே ஊர், அதே கோயில். அன்றைக்குப் புதன்கிழமை.

அண்ணன் கெட்டவர் இல்லை என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அதை நான் நம்புகிறேன். அவளுடைய திருமணம் முறிந்து வந்தபோது ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு உண்மையிலேயே மகளைப் பற்றிப் பயம். தங்கை குணமானதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். அவள் வாயிலிருந்து செத்தவளின் பெயர் வந்ததைக் காதால் கேட்டவர். அது பொய்யென்று முப்பது வருஷமாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

வெயில் சாய்ந்துவிட்டது. யட்சியின் நிழல் புல்தரையில் நீண்டு, எங்களைத் தாண்டிப் போயிருந்தது. தோழி முடியைக் கட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு எழுந்து, சிலையின் காலருகே வரை நடந்துபோய், முதுகைக் காட்டி நின்று பேசினாள். முதலில் மெதுவாக. பிறகு எனக்கே கேட்டது.

"அண்ணே, நீ வரண்டாம். பிள்ள எங்கூட இருக்கட்டு. நான் நாளைக்கே டாக்டர்ட்ட காட்டுகேன்... இல்ல. கேளு. எனக்கு அன்னைக்கு ஒண்ணும் புடிக்கல. ஒருத்தியும் என் உள்ள வரல. அடி தாங்காம ஒரு பேரச் சொன்னேன்... ஆமா, பொய்தான். அவ பேர எடுத்துச் சொன்னதுக்கு இப்பவும் அந்த அக்காட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேக்கேன்... பொறு, நான் பேசி முடிக்கேன்."

ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை அவர் வைத்துவிட்டார் போல, மறுபடி போட்டாள். பூங்காவில் விளக்கு எரியத் தொடங்கியது. காவலாளி ஒருவர் விசிலோடு எங்களைப் பார்த்து வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போய் ஊதினார்.

என்ன சொன்னார் என்று பஸ்ஸில் கேட்டேன். "யோசிக்கேன்னு சொன்னான். வந்தாலும் வருவான்" என்றாள். வந்தால் வாசலில் நிற்க வைத்துப் பேசுவதா, உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டுப் பேசுவதா என்று வாளையாறு வரைக்கும் இரண்டு பேரும் பேசினோம். சோறு போட்டுத்தான் பேச வேண்டும், ஆனால் பிள்ளை அன்றைக்கு என் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. மடக்குக் கட்டில் என்னிடம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்கு அவள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், காலையில் ஏழே காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மதுக்கரை தாண்டியபோது அவள் ஊசிகளைக் கேட்டாள். என் கைப்பையில் தேடி மூன்றைத்தான் எடுக்க முடிந்தது. பரவாயில்லை என்று சும்மா ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளைக்கு மீன் இல்லாம சோறு இறங்காது" என்றாள். "உக்கடத்துல இறங்கி வாங்கிருவோமா?"

இந்நேரத்துக்கு நல்ல மீன் இருக்காது என்றேன்.

"இருக்கதப் பாப்போம்" என்றாள்.